குண்டூசி குத்திய கடைசி அத்தியாயம்

ஆறாவது புத்தகத்தின் கடைசி எட்டுத் தாள்களில், மேல் ஓரமாக, இரண்டு துளைகள் இருக்கின்றன. குண்டூசி குத்திய துளைகள். ஊசி எப்போதோ போய்விட்டது. துளைகள் மட்டும் தாளுக்குத் தாள் இறங்கி, கடைசித் தாள்வரை நிற்கின்றன. அந்த ஊசியைக் குத்தியவள் நான்தான். அப்போது எனக்கு வயது பதின்மூன்று. செய்வது அயோக்கியத்தனம் என்று தெரிந்தேதான் செய்தேன்.

இத்தனை வருடம் கழித்து அந்தப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுக்க வைத்தவர் எங்கள் மூத்த ஆசிரியர். ஆழ்வார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் பதிப்பகத்தில் சென்ற மாதம் ஒரு கூட்டம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அறிவியல் கதைத் தொடர் ஒன்றைத் தமிழில் கொண்டுவரலாம், சாகசமும் காதலும் கலந்தது, ஐந்தாறு பாகம் வரும் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு பொண்ணு, ஒரு பையன், ஒரு விண்கலம். இதையே ஆறு தடவை. அப்படி என்னம்மா இருக்கு அதுல?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால் என் சித்தியிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டத்தில் அதற்கு இடமில்லை, வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை. இருவரையும் பெற்றவள் போனபோது சித்திக்கு இரண்டு வயதாம். அம்மாதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அடையாற்றுக் கரையோரம் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், ஒற்றை அறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். சித்தி தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவுக்குப் போனாள். பத்து மணி நேரமும் நின்றுகொண்டேதான் வேலை. வாடிக்கையாளர் யாரும் இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. பகல் சாப்பாட்டுக்கு மட்டும் பேட்ச் பேட்சாக மொட்டைமாடிக் கொட்டகைக்கு அனுப்புவார்கள். இருபது நிமிடம். நாள் முழுக்க அந்தப் பெண்கள் கால் நீட்டி உட்கார்ந்தது அந்த இருபது நிமிடம்தான்.

அம்மா ஆழ்வார்பேட்டையில் ஒரு வீட்டில் சமையல் செய்தாள். அந்த வீட்டுப் பெண் வளர்ந்து கல்லூரிக்குப் போகப் போக, பழைய சுடிதார்களோடு பழைய இங்கிலீஷ் புத்தகங்களும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அப்படித்தான் அந்தத் தொடர் வந்தது. முதலில் வந்தது மூன்றாம் பாகம். அப்புறம் ஒன்று, அப்புறம் ஐந்து, அதற்கும் அப்புறம் இரண்டும் நாலும். எங்களுக்கு எதுவும் வரிசையாக வந்ததில்லை, அதனால் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் படிக்க வந்தது. சித்திக்கு எழுத்துக் கூட்டத்தான் வந்தது, ஆனால் கதை சொல்ல வந்தது. காலை ஆறு மணிக்குத் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். சித்தி தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பாள். மத்தியானம் அதே கதை தி.நகர் மொட்டைமாடியில் முப்பது பெண்களுக்கு அரங்கேறும்.

கதாநாயகிக்குப் பதினாறு வயது. அவள் பெயர் சித்தியின் நாக்கில் நிற்கவில்லை, அதனால் "நம்ம பொண்ணு" ஆகிவிட்டாள். அவளுடைய கிரகத்தில் தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்கள். முதல் நாள் அதைக் கேட்டதும் சித்தி குடங்களைத் திரும்பிப் பார்த்து, "இன்னாடி இது, நம்ம பேட்டையாட்டமே கீது" என்றாள். அந்தப் பெண் ஒரு ஓட்டை விண்கலத்தைக் கிளப்பிக்கொண்டு தண்ணீர் தேடிப் போகிறாள். வழியில் எதிரிக் கூட்டத்துப் பையன் ஒருவன் சேர்ந்துகொள்கிறான், அவனுக்கு நட்சத்திரங்களைப் பார்த்து வழி சொல்லத் தெரியும். நாலாம் பாகத்தில் அவன் நடுவானில் மாட்டிக்கொள்ளும்போது, ஊர் திரும்புவதற்காக வைத்திருந்த எரிபொருளை எடுத்து அவனைக் காப்பாற்றுகிறாள். அந்தக் காட்சியை சித்தி மூன்று நாள் இழுத்துச் சொன்னாளாம். வானத்துக்கு ஆனந்தா ப்ளூ என்றும் விண்கலத்தின் விளக்குக்கு அரக்குச் சிவப்பு என்றும் அவளே கலர் கொடுத்தாள். சாப்பாட்டு மணி முடிந்து கீழே ஓடும்போதும் படிக்கட்டில் பெண்கள், "அவன் பொழைச்சானா இல்லையா, அத்த மட்டும் சொல்லுக்கா" என்று அவள் புடவையைப் பிடித்து இழுப்பார்களாம்.

மூத்த ஆசிரியருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். ஒரே புத்தகத்தில் வந்து போகிறவள் விருந்தாளி. ஆறு புத்தகத்துக்கு வருகிறவள் வீட்டு மனுஷி, அவள் என்ன செய்வாள், எதைச் செய்யவே மாட்டாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றும் உண்டு. நாங்கள் பார்த்த சினிமாவில் பெண்ணுக்குக் காதல் வந்துவிட்டால் அவள் வேலை முடிந்தது, மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். இந்தப் பெண் காதலித்த பிறகும் கலத்தை அவள்தான் ஓட்டினாள். அவன் வழி சொன்னான், அவ்வளவுதான். நின்று நின்று கால் வீங்கிய முப்பது பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பது கண்ணாடி துடைக்கிறவருக்குத் தெரிய நியாயமில்லை.

சித்திக்கும் அப்போது ஒருவர் இருந்தார். பட்டினப்பாக்கம் குப்பத்துப் பையன், கிறிஸ்தவர். அப்பாவோடு கடலுக்குப் போகாமல் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். பஸ் ஸ்டாப்பில் பழக்கம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் வீடு வீடாக இல்லை. அரக்கோணத்தில் தூரத்து உறவில் ஒரு மாப்பிள்ளையைப் பேசினாள். நிலையான உத்தியோகம், சொந்த வீடு. சித்தி பிடி கொடுக்கவில்லை. அப்போதுதான் ஆறாம் பாகம் வந்தது. நான் ஒரே மூச்சில் படித்து முடித்ததைப் பார்த்த அம்மா, என்னைச் சமையல் மூலைக்குக் கூப்பிட்டாள்.

"அந்த புக்கு புக்குன்னு அது மண்டைய கெடுத்து வெச்சிக்கீது. கடைசில அந்தப் பொண்ணு ஊட்டுக்கே திரும்பிப் பூட்டான்னு சொல்லு. பெரியவங்க பாத்தவனையே கட்டிக்கினான்னு சொல்லு. நீ சொன்னா நம்பும்."

"கதை அப்டி இல்லம்மா."

"இல்லன்னா இனிமே அந்த ஊட்டுலேர்ந்து ஒரு புக்கு வராது, சொல்லிட்டேன்." அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "கொயந்தையா தூக்கினு திரிஞ்சேன் பாப்பா அத்த. எங்கனா போயி கஷ்டப்பட்டுச்சின்னா எனுக்குத் தாங்காது."

அம்மாவை நான் கெட்டவளாகச் சொல்லமாட்டேன். அவள் பயந்தாள், அவ்வளவுதான். நான் பயந்தது புத்தகத்துக்காக. இரண்டில் என் பயம்தான் அசிங்கமானது. சித்தி வேலையிலிருந்து கொண்டுவந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்த குண்டூசி ஒன்றை எடுத்து, கடைசி எட்டுத் தாள்களையும் சேர்த்துக் குத்தினேன். பின்னால் இருப்பதெல்லாம் விளம்பரம் என்று சித்தியிடம் சொன்னேன். மறுநாள் காலை படிக்கட்டில் உட்கார்ந்து, நம்ம பொண்ணு அந்தப் பையனிடம் சொல்லிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டாள், அம்மா பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள், எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று முடித்தேன்.

சித்தி எண்ணெய்க் கையைத் தலையிலிருந்து எடுத்தாள். "அவளே திரும்பிட்டாளா" என்று மட்டும் கேட்டாள். அன்று வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஞாயித்துக்கெயமை அரக்கோணத்துக்காரங்கள வரச் சொல்லுக்கா" என்றாள். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

அன்று மத்தியானம் நடந்ததை சித்தி பிற்பாடு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கொட்டகையில் முடிவைச் சொன்னாளாம். ஒருத்தி டிபன் பாக்ஸை மூடினாளாம். வேட்டிப் பிரிவில் தூத்துக்குடிப் பெண் ஒருத்தி இருந்தாள், அதிகம் பேசாதவள். அவள்தான் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு, "எக்கா, திரும்பிப் போனான்னா எதுல போனா? திரும்ப வச்சிருந்த எண்ணெயத்தான் நாலாவது புக்குலயே அந்தப் பயலுக்கு ஊத்திட்டாள்லா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான், கொட்டகையே எழுந்துவிட்டது. ஆமாம், அரை டேங்க்கூட மிச்சமில்லை என்று நீதானே சொன்னாய் என்றாள் ஒருத்தி. வழியில் எங்கேயும் நிரப்பவில்லை என்றாள் இன்னொருத்தி. அவர்களிடம் போய்க் கதையை மாற்றியது என் முட்டாள்தனம். ஐயாயிரம் புடவையில் எது எந்த அடுக்கில், எந்தக் கரை எந்த நிறத்தில் தீர்ந்துவிட்டது என்று பார்க்காமல் சொல்கிறவர்கள் அவர்கள். சரக்கு இருப்பு அவர்களுக்கு மனப்பாடம். விண்கலத்தின் எரிபொருளையும் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

மறுநாள் காலை குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு வந்தேன். சித்தி எனக்கு முன்பே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, எண்ணெய் ஏது?"

அவள் திட்டவில்லை. குண்டூசியை அவளே பிடுங்கி ரவிக்கையில் குத்திக்கொண்டு, புத்தகத்தை என் மடியில் வைத்து, "படி" என்றாள். படித்தேன். பாதி அழுகையில் படித்தேன். அந்தப் பெண் தன் அம்மாவுக்குச் செய்தி அனுப்புகிறாள். திரும்பி வர எரிபொருள் இல்லை, ஆனால் நான் தொலைந்துபோகவில்லை, தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது, அங்கே போகிறேன், பின்னால் வருகிறவர்களுக்கு வழியில் விளக்குப் போட்டுக்கொண்டே போகிறேன் என்கிறாள். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, நீ வழி சொல், நான் ஓட்டுகிறேன் என்கிறாள். சித்தி அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். கீழே லாரி வந்து, எங்கள் முறையும் போய், குடங்கள் காலியாகவே நின்றன. நாங்கள் எழுந்திருக்கவில்லை.

காலிக் குடங்களோடு மேலே போனோம். சித்தி அம்மா முன்னால் போய் நின்றாள். "அரக்கோணத்துக்காரங்கள வர வேணாம்னு சொல்லிடுக்கா. ஈக்காட்டுத்தாங்கல்ல பொண்ணுங்களுக்கு மெஷின் ஓட்டக் கத்துத் தராங்களாம், அதுல சேரப் போறேன். அவரத்தான் கட்டிக்கப் போறேன். ரெண்டும்."

அந்த "ரெண்டும்" இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் குடத்தைப் பார்த்தேன்.

அம்மா ஒரு வருடம் தங்கையோடு பேசவில்லை. கல்யாணத்துக்கு மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டாள். சித்தி சளைக்கவில்லை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின் முன்னால் நின்ற முதல் நாள், "நம்ம பொண்ணு கப்பலாட்டமே கீதுடி, சுத்தியும் பட்டன்" என்று போனில் கத்தினாள். பத்து வருடம் இன்னொருவர் பட்டறையில் ஓட்டினாள். பிறகு கடன் வாங்கித் தனியாக ஆரம்பித்தாள். இன்று மூன்று மெஷின், ஏழு பெண்கள். அளவு பார்த்துத் தேறியது தேறாதது பிரிக்கிற மேசையில் அந்தத் தூத்துக்குடிப் பெண்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம், உட்கார்ந்துதான். சித்தியின் பட்டறையில் எல்லாருக்கும் நாற்காலி உண்டு. ஆர்டர் பிடிக்க, பொருளைக் கொண்டுசேர்க்க எல்லாம் சித்தப்பா. வழி சொல்வதோடு சரி, ஓட்டுவது அவள்.

போன வருடம் அவர்களுக்கு ஒரு ஆர்டர் வந்தது. உள்ளங்கையளவு வளையங்கள், தலைமுடி அளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ராக்கெட்டுக்குப் போகிறது என்றார்களே தவிர, எந்த இடத்தில் மாட்டுவார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. சித்தி கேட்கவுமில்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த ராக்கெட் கிளம்பியது. சென்னையில் மொட்டைமாடியில் நின்றால் வடக்கே தெரியும். பட்டறை மாடியில் நாங்கள் எல்லாரும் ஏறி நின்றோம். எங்கள் பழைய குடியிருப்பை இடித்து ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டதால், அம்மா இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தூத்துக்குடிப் பெண்ணின் போனில் பழைய புடவைக்கடைப் பெண்கள் ஆறேழு பேர் வீடியோவில் இருந்தார்கள், ஆளாளுக்குப் பிள்ளைகள் சத்தம்.

கட்டடங்களுக்கு மேலே ஒரு பொட்டு வெளிச்சம் எழுந்தது. பின்னால் வெள்ளையாக ஒரு கோடு. எனக்குக் கண்ணீர் மறைத்துவிட்டது, பெருமையில்தான். அம்மா முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு வெளிச்சம் சின்னதாகும்வரை பார்த்தாள்.

"இது திரும்பி வருமாடி?"

"திரும்பி வர எண்ணெயே வெக்கலக்கா" என்றாள் சித்தி.

அம்மா சித்தியின் கையை எட்டிப் பிடித்தாள். அந்த வார்த்தை அவளுக்குப் புரிந்தது, இருபது வருடமாகத் தெரிந்த வார்த்தைதானே. "போவட்டும்" என்றாள். "நல்லா போவட்டும்."

திங்கட்கிழமை ஆறாவது புத்தகத்தை எடுத்துப்போய் மூத்த ஆசிரியரின் மேசையில் வைத்தேன். அவர் புரட்டிக்கொண்டே வந்து, கடைசித் தாள்களில் விரலை வைத்துத் தடவினார்.

"இது என்னம்மா ஓட்டை?"

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "சொல்றேன் சார். இருபது நிமிஷம் ஆகும்."