காந்தக் காப்பும் எட்டு பதினேழு வண்டியும்

வீடு வீடாகப் படியேறி விற்பவனுக்குத் தன் சரக்கின் மேலேயே நம்பிக்கை வந்துவிட்டால், அவனை யாராலும் தடுக்க முடியாது. என்னைப் போலவே விற்கப் போய், முகத்தில் கதவு சாத்தப்பட்டுப் பழகிய உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அறுபதுகளில் பம்பாயில் நான் விற்றது ஜப்பான் காந்தக் காப்பு. மணிக்கட்டில் மாட்டினால் ரத்த ஓட்டம் சீராகும், பிரஷர் இறங்கும் என்று பெட்டிக்குள் இருந்த தாள் சொன்னது. படித்த அன்றே எனக்குப் புல்லரித்துவிட்டது.

தாராவியில் முதல் வெற்றி

லேத் பட்டறை காஜா பாய்க்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். பிரஷரும் அதிகம், கோபமும் அதிகம். காப்பு வாங்கிய பத்தாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஓடினேன். காப்பைக் கயிற்றில் கட்டி மேஜைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தார். இழுத்ததும் நாலு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டு வந்தது.

“தம்பி, ரத்தத்த இழுக்கோ என்னமோ, விழுந்த ஸ்க்ரூவ எல்லாம் இழுக்கு. காணலன்னு ஆளுவள ஏசுறது நின்னுபோச்சு, நெஞ்சு லேசா இருக்கு, இன்னொண்ணு தா.”

மாட்டுங்காவில் கொடுத்த வாக்கு

சுந்தரேசன் சார் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தலைமைக் குமாஸ்தா வேலை கைக்கு எட்டியும், பிரஷரைக் காட்டிக் கம்பெனி டாக்டர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் கடைசிப் பரிசோதனை. மனிதர் தினமும் டிபன் டப்பாவோடு ஸ்டேஷன் பாலத்தில் ஓடித்தான் எட்டு பதினேழு லோக்கல் ரயிலைப் பிடிப்பார்.

“மாத்திரையை விடாதீர்கள். காப்பை இதயம் இருக்கும் இடது பக்கமே போடுங்கள். நிச்சயம் இறங்கும்” என்று அடித்துச் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. சார் விரலை நீட்டி எச்சரித்தார்.

“இறங்கலேன்னா, இந்த மாட்டுங்காவில ஒரு கதவு உமக்குத் திறக்காது, பாத்துக்கும்.”

பரிசோதனை நாள்

டாக்டர் அறைக்கு வெளியே நின்ற எனக்கு என் பிரஷர்தான் ஏறியது. சார் சிரித்துக்கொண்டே வந்தார். பாஸ்! அவரை அப்படியே தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது. இனி பம்பாய் முழுக்கக் காப்புதான் என்று துள்ளினேன்.

“காப்பு மட்டுமா, ஒரு மாசமா எட்டு பதினேழே லேட்டாத்தான் வரது ஓய். நிதானமா நடந்து, பெஞ்சில உக்காந்து பேப்பர் படிச்சுட்டு ஏறறேன்.”

மாமி சொன்னது

இனிப்போடு வீட்டுக்குப் போனேன். சார் குளிக்கப் போன சமயம் அவர் மனைவி, மாமி, மேஜையைக் காட்டினார். காப்பும் கைக்கடிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே மணிக்கட்டில் ஒரு மாதம் உரசியதில் கடிகாரத்துக்குள் காந்தம் ஏறி, அது வேகமாக ஓட ஆரம்பித்துவிட்டது. மாமி தினமும் சாயங்காலம் சாருக்குத் தெரியாமல் ரேடியோவைக் கேட்டு முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பாராம். விடிவதற்குள் அது கால் மணி முந்திவிடுமாம். லேட்டாக வந்தது வண்டி இல்லை. சார்தான் சீக்கிரம் போயிருக்கிறார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. “குர்லாவில் தெரிந்த ரிப்பேர்காரர் இருக்கிறார், சரிபண்ணித் தருகிறேன்” என்றேன். மாமி குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதைத் தொடாதேங்கோ. ஓடாதேங்கோ, ஓடாதேங்கோன்னு பத்து வருஷமா நான் கெஞ்சினேன், கேக்கலை. கடிகாரம் சொன்னாக் கேக்கறார்.”

காந்தம் ரத்தத்தை என்ன செய்யும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, ஆனால் பிரஷருக்கு மருந்து கேட்டு வந்தவர்களிடம் அதற்குப் பிறகு நான் முதலில் கேட்டது எத்தனை மணி வண்டிக்குப் போகிறீர்கள் என்றுதான்.