வழியில் ஆனது என் பாடு

ஜப்பானில் ஓடிப் பழசான கார்கள் கப்பலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லாரி ஏறி பெய்ட்பிரிட்ஜ் எல்லையில் இறங்கும். அவற்றை ஜிம்பாப்வேக்குள் ஓட்டிப்போய் வாங்கியவர் வாசலில் நிறுத்துவது ஷுப்பிகாய் மசாருராவின் தொழில். முன்பு ஒரு சுரங்கத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டினாள். சுரங்கம் மூடியதும் எல்லைக்கு வந்துவிட்டாள். சாவியை வாங்கும்போது எல்லாரிடமும் ஒன்றையே சொல்வாள்: "சுங்கவரி, டோல், பெட்ரோல் உங்க பாடு. வழியில வண்டிக்கு என்ன ஆனாலும் என் பாடு."

அந்த முறை வண்டி சிவு ஊர்க் கசாப்புக்கடைக்காரர் குமிசாயுடையது. பஸ் காசை மிச்சம் பிடிக்க அவரும் கூடவே ஏறிக்கொண்டார். முதல் டோலிலேயே, அந்த ஊர் வழக்கப்படி அவளைப் பிள்ளையின் பேரால் அழைத்து, ஆரம்பித்தார்.

"பாதி நீ தரலாம்ல, ருட்டெண்டோ அம்மா? ரோட்டுல நீயுந்தானே போற?"

"நான் இறங்கி நடந்து வரேன் அண்ணே. எனக்கு டோல் கேக்க மாட்டான்."

குமிசாய் டோல் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட சீட்டைத் தடவிக்கொண்டார்.

பூபி ஆற்றுப் பாலம் தாண்டி, நல்ல வெயிலில், போலீஸ் மேலங்கி போட்ட ஒருவன் கை காட்டினான். நிறுத்தினாள். அவன் சன்னலருகே வந்த பிறகுதான் காலைப் பார்த்தாள்: டயரை வெட்டிச் செய்த செருப்பு. ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதற்குள் இரும்புக் கம்பி உள்ளே இறங்கி அவளுடைய வலது மணிக்கட்டை முறித்தது. இடப்பக்கப் புதரிலிருந்து வந்த இன்னொருவன் கதவைத் திறந்து குமிசாயைச் சட்டையோடு பிடித்து இழுத்தான். அவர் தார் ரோட்டில் விழ, கார் திறந்த கதவோடு பாய்ந்தது.

ஐம்பது அடி தள்ளிக் கண்ணாடியில் பார்த்தாள். மேலங்கிக்காரன் அவர் வயிற்றில் உதைத்துக்கொண்டிருந்தான். மற்றவன் கல்லால் வாயில் குத்தினான். வண்டி தப்பிவிட்டது, அவள் வாக்குக் கொடுத்தது வண்டிக்குத்தான். மேலும் கொஞ்ச தூரம் போகவும் செய்தாள். பிறகு இடது கையால் ரிவர்ஸ் போட்டாள்.

பின்பக்கம் மேலங்கிக்காரனை மோதித் தள்ளியது. சக்கரம் அவன் தொடையில் ஏறி இறங்கியபோது அந்த மேடு அவளுக்கு இருக்கையில் தெரிந்தது. மற்றவன் எறிந்த கல் பின் கண்ணாடியைத் தூளாக்கியது. அவள் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த வீல் ஸ்பானரை இடது கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். முதல் அடி தோளில் விழுந்தது. அவன் மண்டியிட்டான். அடுத்த அடி, தலையை மறைத்த கையில். கை தொங்கியது. அதன் பிறகும் அடித்தாள். ஆத்திரத்தோடு ஒரு சுகமும் இருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

"போதும்மா," என்றார் குமிசாய், பல்லைத் துப்பிக்கொண்டே. "அவன் கையில கல்லு இல்ல, விட்டுடு."

மேலங்கிக்காரனின் நசுங்கிய தொடையைக் குமிசாயின் பெல்ட்டால் ஒற்றைக் கையால் இறுக்கிக் கட்டினாள். இருவரையும் பின் சீட்டில் ஏற்றினார்கள்.

"சீட்டெல்லாம் ரத்தமாகும்."

"வழியில ஆனது என் பாடுன்னு சொன்னேன்ல. ஏறுங்க."

நெடுஞ்சாலை ஆஸ்பத்திரியில் தொடை உடைந்தவன் பிழைத்தான். மற்றவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். அவனுக்கு இருபத்திரண்டு வயது.

எத்தனை முறை அடித்தாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள், வீங்கிய உதட்டோடு குமிசாய் முந்திக்கொண்டார்.

"ரெண்டு சார். நான் பாத்தேன். ரெண்டே அடி."

தற்காப்பு என்று எழுதி விட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் குமிசாய் தொண்டையைச் செருமினார்.

"பின் கண்ணாடி மாத்தணும். சீட்டு கழுவணும்."

"உயிரோட இருக்கீங்க அண்ணே."

"இருக்கேன். அதுக்கு சாகற வரைக்கும் உன்ன கும்பிடுவேன். கண்ணாடி வேற."

அவள் மறுக்கவில்லை. பேசினபடியே அந்தச் செலவைத் தன் கூலியில் கழித்துக்கொள்ளச் சொன்னாள். கார் சாவியை வாங்கிக்கொண்டு போகத் திரும்பியவரை நிறுத்திக் கேட்டாள்:

"நெஜமா எத்தனை அடி பாத்தீங்க?"

"கீழ கிடந்த நான் எங்க எண்ண?"

"ஏழு," என்றாள்.

குமிசாய் கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவளைப் பஸ் நிறுத்தம்வரை கூட்டிப்போய், தன் காசில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்.