செட்டில் ஆகாத சுவர்

புது வீட்டுக்குக் குடிபோன எட்டாம் மாதம் எங்கள் ஹால் சுவருக்குப் பரு வந்தது. முதலில் ஒன்றுதான், காலண்டருக்குப் பக்கத்தில், பெயின்டுக்கு அடியிலிருந்து மிளகு அளவில் புடைத்துக்கொண்டு. மறுவாரம் படிக்கட்டருகே மூன்று. விரலால் அழுத்தினால் வெள்ளைப் பொடி கொட்டியது, உள்ளே ஆணித் தலை தெரிந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சுவருக்குள் போக மாட்டேன் என்று வளைந்துகொள்ளும் ஆணியை நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே போன ஆணி தானாக வெளியே வருவதை மிச்சிகனில்தான் பார்த்தேன்.

இங்கே சுவர் என்பது மரச்சட்டங்களின் மேல் ஆணியும் ஸ்க்ரூவும் வைத்து அறைந்த பலகை. ட்ரைவால் என்று பெயர். இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஜிப்சம் மாவு, அவ்வளவுதான். எதையாவது மாட்ட வேண்டுமென்றால் தட்டித் தட்டி, சத்தம் மாறும் இடத்தை வைத்துப் பின்னால் மரம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். என் கணவர் ரகு மறைமலை நகரில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஒரு சுவரையும் சீண்டியவரில்லை. இங்கே வந்த பிறகு, டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்ப்பதுபோல வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு அலைகிறார். எனக்கும் அந்த வியாதி தொற்றிக்கொண்டது.

வீடு கட்டிக் கொடுத்தவர்கள் டேவ் என்ற ஆறடிப் பெரியவரை அனுப்பினார்கள். பருக்களைப் பார்த்துவிட்டு, “இட்ஸ் ஜஸ்ட் செட்லிங்” என்று சிரித்தார். செட்டில் ஆகிவிட்டது என்றால் ஆணி ஏன் வெளியே வருகிறது என்று சண்டைக்குப் போனேன். அவர் திருதிருவென்று விழித்தார். எங்கள் தாம்பரம் பக்கம் ஒருவன் செட்டில் ஆகிவிட்டான் என்றால் வேலை, கல்யாணம், வீடு எல்லாம் அமைந்து இனி அசைய மாட்டான் என்று பொருள். டேவின் ஊரில் வீடு செட்டில் ஆகிறது என்றால் மரம் காய்ந்து சுருங்கி இன்னும் அசைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வருடம் அப்படித்தான் இருக்கும், கண்டுகொள்ளாதே என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒவ்வொரு ஆணிக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூ முடுக்கி, ஆணியை உள்ளே தட்டி, மாவு பூசிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிறு போன் கார்டைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டேன். சுவர்ப் புராணம் பாடிக்கொண்டிருக்கும்போதே லைன் அறுந்தது. மறுபடி கிடைத்ததும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டேன். முதல் பாதி அம்மா காதில் விழவே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

“இன்னும் செட்டில் ஆகலைம்மா. ஒரு வருஷம் அங்கங்க வெடிக்கத்தான் செய்யும், கண்டுக்காதேங்கறார். நான் விடுவேனா? கடைசியில மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு போட்டார். அப்புறம்தான் அடங்குச்சு.”

நம் ஊரில் கல்யாணமான பெண் பெயர் சொல்லாமல் ‘அவர்’ என்றால் அது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். டேவின் வயதுக்கு நான் கொடுத்த மரியாதை ரகுவின் தலையில் விடிந்தது.

அப்பா போனை வாங்கினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், போனில் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். “நீ எதுக்கும் பயப்படாதம்மா. நாங்க இருக்கோம்” என்றார். நாலு ஆணிக்கு இவ்வளவு ஆறுதலா என்று உருகிப்போனேன்.

நான்கு மாதம் கழித்து லீவுக்குப் போனோம். அம்மா ரகுவின் தட்டில் ஒரே ஒரு வடை வைத்தாள். மாப்பிள்ளைக்கு ஒற்றை வடை எங்கள் வீட்டுச் சரித்திரத்திலேயே கிடையாது. அப்பா “வாங்க” என்றதோடு பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

“உங்க வீட்ல எல்லாருக்கும் என் மேல காண்டு” என்று ரகு கிசுகிசுத்தார்.

“ஜெட் லாக்” என்றேன்.

“எனக்கா, அவங்களுக்கா?”

மொட்டை மாடியில் புதிதாக ஓர் அறை எழும்பியிருந்தது. வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு. மேஸ்திரி ஏழுமலை பூச்சு வேலையை முடித்துக்கொண்டிருந்தார். என் கை சும்மா இருக்குமா? சுவரைத் தட்டிக் காதை வைத்தேன்.

“இன்னாம்மா, உள்ள யார்னா கீறாங்களா?”

“உறுதியா இருக்கான்னு பார்த்தேண்ணா.”

“செங்கல்லு சுவரும்மா, காலத்துக்கும் நிக்கும். பொண்ணு வந்துட்டா அதுக்குன்னு தனியா ஒரு வூடு வோணும்னு சார் தெனமும் கூடவே நின்னுகினு கட்ட வெச்சாரு. நீ தைரியமா இரு. அந்தாளு கெடக்கறான்.”

“எந்த ஆளு?”

ஏழுமலை பூச்சுக் கரண்டியைக் கீழே நீட்டினார். “வடை துன்னுகினு கீறாரே, அவருதான்.”

சமையலறைக்கு ஓடினேன். “ரெண்டு போட்டார்னு நீதானேடி சொன்னே!” என்று அம்மா அழுதாள்.

“ஸ்க்ரூம்மா! சுவத்துல போட்ட ஸ்க்ரூ!”

விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. விஷயம் புரிந்ததும் ரகு, “அத்தை, இவளை அடிச்சிட்டு நான் உயிரோட ஏர்போர்ட் வந்து சேர முடியுமா?” என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். அவர் தட்டில் வடை மலையாகக் குவிந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “நிஜமாவே ஒண்ணும் இல்லேல்ல?” என்று மூன்று தடவை கேட்டார். பிறகு மாடி ஏறிப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன்.

“அப்ப இதை யாருக்காவது வாடகைக்கு விட்டுடலாம்” என்றார், ஈரச் சுவரைப் பார்த்தபடி.

அதுதான் நியாயம். எங்கள் வேலை, வீடு எல்லாம் மிச்சிகனில்தான். ஆனாலும் “வேண்டாம்பா” என்றேன். மகள் கஷ்டத்தில் இருக்கிறாள் என்று நினைத்த மனிதர், ஏன் எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் அவள் வந்து இருக்க இடம் கட்டியிருக்கிறார். காரணம் பொய்யாகிப்போனதில் எனக்கு நிம்மதிதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, துளி ஏமாற்றமும் இருந்தது.

மிச்சிகன் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. டேவ் சொன்னது சரி, சுவர் அடங்கிவிட்டது. மாடி அறைக்கென்று அப்பா ஓர் ஆளுயரக் கண்ணாடி வாங்கித் தரையில் சாய்த்து வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் போனில் கேட்கிறார், “ஆணி எங்கம்மா அடிக்கட்டும்? உன் உயரத்துக்குச் சரியா இருக்கணுமே.”

நானும் ஞாயிறுதோறும் அதையே சொல்கிறேன்: “அடிச்சிடாதீங்கப்பா. நான் வந்து காட்டறேன்.”