நான்கு மூலையிலும் மஞ்சள்

சுகர் லேண்டில் திருமூர்த்தி வீட்டில் பதினோரு துப்பாக்கிகள் இருந்தன. அவருக்குச் சுடத் தெரியாது. சுடவும் முடியாது. எல்லாம் நூறு வருஷத்துக்கு முந்தைய ரிம்ஃபயர் ரைஃபிள்கள்; தோட்டாவின் அடிவிளிம்பில் சுத்தியல் அடித்தால் வெடிக்கும். அந்த அளவுத் தோட்டாக்கள் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லித்தான் மனைவி வசந்தாமணியிடம் முதல் துப்பாக்கிக்கு அனுமதி வாங்கினார்.

"குண்டே இல்லாத துப்பாக்கி எதுக்குங்க?"

"பாக்கறதுக்குத்தான் அம்மிணி."

உடுமலைப்பேட்டைக்காரர். கோவையில் பம்பு கம்பெனியில் வால்வு வரைந்தார், கடல் தாண்டி வந்து இங்கே எண்ணெய்க் கம்பெனியில் வால்வு வரைகிறார். தொண்ணூற்றொன்றில் ஆபீஸ் நண்பர் ஒருவர் துப்பாக்கிக் கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். எல்லோரும் குழல்களைத் தடவிக்கொண்டிருக்க, இவர் மேஜையோரம் கிடந்த ஒரு தாளின் முன் நின்றுவிட்டார். பேட்டன்ட் வாங்குவதற்காகக் கையால் வரைந்த மூலப்படம். ஒரு திருகாணியின் நிழலை முடியளவு கோடுகளால் போட்டிருந்தார் யாரோ. அன்றிலிருந்து ஜோடி சேர்ப்பது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. படம் கிடைத்தால் அதன் துப்பாக்கியைத் தேடுவார். துப்பாக்கி கிடைத்தால் அதன் படத்தை.

நம்மவர்கள் இங்கே கட்டியிருக்கும் மீனாட்சி கோயிலில் பார்த்தால் நண்பர் கோபாலசாமி விடமாட்டார். "என்ன மூர்த்தி, பேங்க் எதுன்னு டிசைட் பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சுங்ணா. கார் ஓட்டத்தான் ஆள் இல்ல, வர்றீங்களா?"

ஒரே ஒரு படம் துணையில்லாமல் இருந்தது. பக்கவாட்டில் கதவுபோலத் திறக்கிற ரைஃபிள் அது. கண்டுபிடித்தவர் கொஞ்சம் செய்து பார்த்து நொடித்துப் போனார். மிஞ்சியதில் ஒன்று ஷூலன்பர்க் என்ற ஊரில், லைல் கோவர் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டரிடம் இருந்தது. கோவர் விலைக்கு மயங்குகிற ஆள் அல்ல. பழைய இரும்பைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "வந்தது வந்தபடி போகவேண்டும். நடுவில் நாம் கொஞ்சகாலம் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்" என்பார். நாலு வருஷம் பேசிப் பேசி, தொண்ணூற்றெட்டு செப்டம்பர் கடைசியில் இறங்கிவந்தார். சனிக்கிழமை துப்பாக்கியோடு வருகிறேன், படத்தை எப்படி வைத்திருக்கிறாய் என்று பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

அந்த வாரம்தான் ஆயுத பூஜை. திருமூர்த்தி ஆபீஸிலிருந்து வந்தபோது ஹால் முழுக்க சாம்பிராணிப் புகை. புகைக்குக் கத்துகிற அலாரத்தைக் கழற்றி சோபாவில் போட்டிருந்தாள் வசந்தாமணி. சாமி முன்னால் மிக்ஸி, தையல் மெஷின், மகள் தென்றலின் கால்குலேட்டர். அடுத்து வரிசையாகப் பதினோரு துப்பாக்கிகள், சந்தனமும் குங்குமமுமாக. அவற்றுக்கு முன்னால், பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து விரித்த அந்தப் படம். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள்.

"ஏனுங்க, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

அவர் படத்தின் முன் குனிந்து உட்கார்ந்தார்.

"இத்தன வருஷம் நான் இதுகளத் தொட்டதில்ல. அந்தப் பல் டாக்டர் மனசு மாறாமக் குடுக்கணும்னு வேண்டிட்டு வெச்சனுங்க. எங்கப்பா பட்டறைல ஒரு தறி விடாம வெப்போம்."

தென்றல் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாம்! தட்ஸ் லைக், அ ஹண்ட்ரட் இயர்ஸ் ஓல்ட்!"

"அதுக்குத்தான்டி வெச்சேன்."

துப்பாக்கிகளில் இருந்த சந்தனம் எண்ணெய்த் துணிக்கு வந்துவிட்டது. தாளில் இருந்த மஞ்சள் வரவில்லை. ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுக்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற வசந்தாமணிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் அகலமான அட்டைக் கரை வாங்கிவந்து படத்துக்குச் சட்டம் போட்டார். மூலைகள் கரைக்குள் போய்விட்டன.

சனிக்கிழமை கோவர் வந்தார். துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து திருமூர்த்தி கையில் கொடுத்தார். கட்டைவிரலால் தள்ளியதும் கதவு படத்தில் இருந்த அதே கோணத்தில் திறந்தது. திருமூர்த்தி மூடினார், மறுபடி திறந்தார். கோவர் பூதக்கண்ணாடி வைத்துப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். வசந்தாமணி காபி கொண்டுவந்தாள்.

"சட்டத்திலிருந்து எடு. ஓரங்களைப் பார்க்கணும்" என்றார் கோவர்.

எடுத்துத்தான் ஆகவேண்டும். கோவர் நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நீ வாங்கும்போதே இருந்ததா?"

வசந்தாமணி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இல்லை. இந்த வாரம் பூஜைக்கு நாங்கள் வைத்தது" என்றார் திருமூர்த்தி. என்ன பூஜை, ஏன் மஞ்சள் என்று சொன்னார். கோவர் குறுக்கிடாமல் கேட்டார். வாசலில் நிற்கும் காரிலும் அதே பொட்டைப் பார்த்தேன் என்றார்.

"அடுத்த வருஷமும் வைப்பீர்களா?"

திருமூர்த்தி கையிலிருந்த துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு வசந்தாமணியைப் பார்த்தார்.

"வைப்போம்."

கோவர் கோபிக்கவில்லை. காபியை முழுக்கக் குடித்து, நன்றாக இருந்தது என்று வசந்தாமணியிடம் சொன்னார். பிறகு துப்பாக்கியை வாங்கி உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார்.

கோவரின் டிரக் தெருமுனை திரும்பும்வரை இருவரும் வாசலில் நின்றார்கள்.

"வெக்க மாட்டோம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தாக் குடுத்துட்டுப் போயிருப்பாருங்க."

"நீ நின்னுட்டு இருந்தியே அம்மிணி."

"கண்ணக் காட்டியிருந்தா உள்ள போயிருப்பனில்லீங்க? நாலு வருஷமா அலஞ்சீங்க, இது தெரியலையா?"

திருமூர்த்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

"சிரிக்காதீங்க. அவருக்கு போன் போடுங்க, நான் பேசறேன்."

"வீடு போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரமாகும்."

"ஆகட்டும்" என்றாள் வசந்தாமணி. "அதுக்குள்ள இங்கிலீஷ்ல என்ன சொல்றதுன்னு யோசிச்சு வெச்சுக்கறேன்."