உதாரணத்துக்கு ஒரு சிர்பா

தான் இல்லாமல் போய்விட்டோம் என்பதன் முதல் தடயம் சிர்பாவுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. பத்தொன்பது வருஷமாக அந்த நேரத்தில் அவருடைய கட்டடத்தின் கீழ்த்தளத்துச் சௌனா, அந்த நீராவிக் குளியலறை, அவருக்குத்தான். துண்டோடு இறங்கிப் போனால் வாசலில் யாருடைய செருப்போ கிடக்கிறது. வேறு ஊர்க்காரி என்றால் கதவைத் தட்டிச் சண்டை பிடித்திருப்பாள். சிர்பா எங்கள் தம்பெரே ஊர்க்காரர். சத்தமில்லாமல் மாடியேறிவிட்டார். எங்கள் ஊர்க்காரர்களின் இந்த வாய் திறக்காத குணத்தை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சிர்பாவுக்கு ஐம்பத்தேழு வயது, தனிக்கட்டை. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்யும் மென்பொருள்களுக்கு விளக்கப் பக்கம் எழுதுகிறவர். ஒரு காலத்தில் அவருடைய வாசகர்கள் மனிதர்கள். இப்போது ஆட்களுக்குப் பதிலாக வேலை பார்க்கும் ஏஐ ஏஜென்டுகள்தான் படிக்கின்றன.

"முன்னாடி படிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வரும். இதுங்களுக்கு அதுகூட வர்றதில்ல, யார்க்கோ. எழுதினதை வரிக்கு வரி நம்புதுங்க. அதான் பயமா இருக்கு" என்பார், காபிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே. யார்க்கோ என்பது என் பெயர்.

கடைசியாக நான் செய்தது, ஏஜென்டுகள் ஒருவரின் விவரத்தைக் கேட்டு வாங்குவதற்கான கருவி. இன்னார் யார், எங்கே இருக்கிறார், என்ன சாப்பிடுவார், அவருக்கு என்ன பாக்கி நிற்கிறது என்று ஊரில் யாரைப் பற்றிக் கேட்டாலும் சொல்லும். வீட்டுச் சங்கம், ஆஸ்பத்திரி, எங்கள் கேன்டீன், எல்லா இடத்து ஏஜென்டும் அதைத்தான் கேட்கும். கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் சிர்பாவின் பக்கத்தைப் படித்துக்கொள்ளும்.

அந்தப் பக்கத்துக்கு ஓர் உதாரணம் வேண்டும். உண்மையாகவே கேட்டு, வந்த பதிலை ஒட்ட வேண்டும். அடுத்தவர் விவரத்தைத் தொட சிர்பாவுக்கு மனசு வரவில்லை. தன்னுடைய அடையாள எண்ணைப் போட்டார். பதில் வந்தது: பெயர், முகவரி, சர்க்கரையில்லாத காபி, வெள்ளி ஆறு மணி சௌனா. ஒட்டிவிட்டு, முப்பது வருஷப் பழக்கத்தில் கீழே ஒரு வரி சேர்த்தார்: 'இதில் வரும் நபர் கற்பனை. உண்மையான ஆளாகக் கொள்ள வேண்டாம்.'

சௌனா கைவிட்டுப் போன மறுவாரம் கேன்டீனில் அவருக்குச் சாப்பாடு வரவில்லை. வீட்டிலிருந்து ரை ரொட்டி கொண்டுவர ஆரம்பித்தார். அதற்கடுத்து, கட்டட வாசலில் குடியிருப்பவர்கள் பெயர் ஓடும் பலகையில் அவருடைய இரண்டாம் மாடிக்கு நேரே வெற்றிடம். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது நவம்பர் கடைசியில், அவர் கழுத்தில் சுற்றியிருந்த துணி நழுவியபோது. உள்ளே எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி.

"என்ன சிர்பா இது?"

"ஆபரேஷன் பண்ணணும். நவம்பர் தாண்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. தேதி சொல்லி ஆஸ்பத்திரியிலேர்ந்து செய்தி வரும்னாங்க."

"வந்துச்சா?"

"வரல. நமக்கு முன்னாடி எத்தனை பேரோ. தொந்தரவு பண்ணக் கூடாதில்ல."

"தொந்தரவா? இன்னும் நாலு நாள்தான் இருக்கு! நீங்கல்லாம் சாகுறதுன்னாலும் வரிசையில நின்னுதான் சாவீங்க!"

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கருவியில் அவருடைய எண்ணை அடித்து, இவருக்கு ஆபரேஷன் தேதி எப்போது என்று கேட்டேன். மிக மரியாதையாகப் பதில் வந்தது: 'அப்படி ஒருவர் இல்லை. அவர் உதாரணத்துக்காகப் புனையப்பட்டவர்.'

சிர்பா திரையைப் பார்த்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதின வரிதான்" என்றார்.

அவரே திருத்தப் போனார். 'எழுதியவர் இல்லாத நபர்' என்று கருவி திருத்தத்தை நிராகரித்தது. பிறகு நான் உட்கார்ந்தேன். உதாரணம் இல்லாமல் பக்கத்தைச் சேமிக்க விடவில்லை. அவசரத்தில் ஆர்மஸ் லெஹ்தோவிர்த்தா என்று மனசில் வந்த ஒரு பெயரைப் புதிதாகப் பதிந்து, சிர்பா இருந்த இடத்தில் வைத்தேன். முகவரியையும் சௌனா நேரத்தையும் மாற்றத் தோன்றவில்லை. அந்தக் கற்பனை வரியை மட்டும் முழுக்க அழித்தேன்.

பத்து நிமிஷத்தில் சிர்பாவின் போன் அதிர்ந்தது. நாளை மறுநாள் காலை ஏழரை, வெறும் வயிற்றோடு வரவும். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கட்டியை எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னாராம். குரல் கரகரத்துப் போயிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறார்.

அவர் வேலைக்குத் திரும்பிய அன்று, ஆர்மஸுக்குக் கீழே அந்த வரியைச் சேர்க்கச் சொன்னேன். விசைப்பலகையில் கை வைத்தவர் 'இதில் வரும் நபர்' வரைக்கும் அடித்து நிறுத்திக்கொண்டார்.

"என்னால முடியல. நீயே எழுது."

நானும் உட்கார்ந்து பார்த்தேன். என் கையும் ஓடவில்லை.

"விடு, யார்க்கோ. அந்தாளு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

இப்போது அந்தக் கட்டடத்துப் பலகையில் இரண்டாம் மாடிக்கு நேரே இரண்டு பெயர்கள் ஓடுகின்றன. வெள்ளிக்கிழமை ஆறு மணி சௌனா ஆர்மஸுக்கு, ஏழு மணி சிர்பாவுக்கு.

"நேரத்தைத் திருப்பிக் கேளுங்களேன்" என்றேன்.

"எப்படிக் கேக்குறது?" என்றார் சிர்பா, அந்தக் கரகரத்த குரலில். "ஏழு மணிக்கு நான் உள்ள போறப்ப உக்கார்ற பலகை ஈரமா இருக்கு."