முகில்வாடி நாட்டின் தோற்றமும் தம்பிதுரை வாத்தியாரின் தலையும்

அன்னூரை அடுத்த அந்தக் கிராமத்தில் 1994 வரை அரசர்கள் யாரும் இருந்ததாகத் தகவல் இல்லை. சோளம் இருந்தது, பருத்தி இருந்தது, வற்றிய கிணறுகள் வேண்டிய மட்டும் இருந்தன. அரசர் தேவைப்பட்டது சென்னியப்பனுக்குத்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி போட்டு, பாதி அமெரிக்காவுக்கு உள்ளாடை மாட்டிவிட்ட பெருமகன் அவர். ஊர்க் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் நடத்தப்போகிற வேளையில், தாத்தா எருமை மேய்த்தவர் என்பது அவரை உறுத்தியது. எருமைக்கு முந்தைய வரலாற்றைத் தேடித் தமிழாசிரியர் தம்பிதுரையின் வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, விழா மலர்ல போடறதுக்கு நம்ம வம்சத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்துப்போடுங்க. ராசா கீசா இருந்திருப்பாங்கல்லங்க?"

"இல்லாம இருக்குமாங்க?" என்றார் தம்பிதுரை. வீடு தேடி வந்தவர் முகத்தில் அடித்தாற்போல் பேசிப் பழகாத ஊர் அது. போதாததற்கு, அவர் எழுதியது எதுவும் அதுவரை அச்சேறியதில்லை.

அப்படித்தான் முகில்வாடி நாடு பிறந்தது. ஆதியில் ஒரு மேகம் பனைமரத்தில் சிக்கிக் கிழிந்தது. அந்தக் கிழிசல் வழியாகச் சிறகு முளைத்த குதிரையோடு விழுந்தவன்தான் முதல் மன்னன். சென்னியப்பனின் மூத்த பாட்டன். அவன் ஆட்சியில் மழை கேட்டபோது பெய்தது, பசுக்கள் கன்று போடாமலே கறந்தன, வரி என்ற சொல்லே கிடையாது. கடைசிச் செய்தி மட்டும் சென்னியப்பனின் தனி வேண்டுகோளின்பேரில் சேர்க்கப்பட்டது.

படித்துக் காட்டியபோது மனைவி நாச்சியம்மாள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவிக பாட்டன் வானத்துல இருந்து உழுந்தாரு, செரி. அப்ப பரிவட்டம் எப்புடிங்க நம்மூட்டுக்கு வந்துச்சு?"

நியாயமான கேள்வி. சாமிக்குச் சாத்திய பட்டைத் தலையில் கட்டிக்கொள்ளும் முதல் மரியாதை, தலைமுறை தலைமுறையாகத் தம்பிதுரை குடும்பத்துக்குத்தான். கோயில் விழாவன்று அந்த ஒரு காலைப் பொழுதில் ஊரே அவருக்கு எழுந்து நிற்கும். மற்ற நாட்களில் சைக்கிளுக்குக்கூட யாரும் வழி விடுவதில்லை. அவரிடம் மிச்சமிருந்த சொத்தென்றால் அதுதான்.

ஆகவே வரலாற்றை நீட்டினார். மன்னன் இடி அரக்கர்களோடு போரிட வானேறும்போது தன் பரிவட்டத்தை அவிழ்த்து, "என் வம்சம் திரும்பும்வரை நீ கட்டிக்கொள்" என்று ஒருவன் தலையில் கட்டினான். அந்த ஒருவன் தம்பிதுரையின் முன்னோன். அவனை மந்திரியாக்க ஆசைதான். தன்னைத் தானே பெரிதாக எழுதிக்கொள்வது மரியாதையா என்று கூச்சப்பட்டுக் குடைபிடிப்பவனாக்கினார். தன் உரிமைக்கு மன்னரே சாட்சி என்ற திருப்தியில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மலர் வெளிவந்தது. மேகம் கிழிந்த பனைமரம் எது என்பதை ஒரே வாரத்தில் ஊரார் கண்டுபிடித்து மஞ்சள் பூசினார்கள்.

கும்பாபிஷேகத்தன்று பூசாரி பட்டோடு வந்தார். தம்பிதுரை வழக்கம்போல் தலையைக் குனிந்தார். பக்கத்தில் இன்னொரு தலை குனிந்தது.

"நீங்களே எழுதிப்போட்டீங்க வாத்தியாரே," என்றார் சென்னியப்பன், கைகூப்பி. "வம்சம் திரும்பி வந்துருச்சுங்க. இத்தன காலம் பத்திரமா வெச்சிருந்ததுக்கு ரொம்ப சந்தோசமுங்க."

"அது… நானாப் புனைஞ்சதுங்க. வெறுங்கதைங்க."

கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற பழனாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் பேரன் இவரிடம்தான் படிக்கிறான். "சாமி மலர்ல போயி பொய் எழுதுவீங்களாங்க வாத்தியாரே? அப்புறம் எம்பேரனுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்கறீங்க?"

பொய்யனா, குடைக்காரனா? தம்பிதுரை ஊரைப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் பட்டின்மேல் இருந்தது. "இல்லீங்க, நெசந்தானுங்க," என்றார்.

பட்டு சென்னியப்பன் தலைக்கு ஏறியது. முறை தவறக்கூடாதே என்று பூசாரி கோயில் குடையை எடுத்துவந்து வாத்தியாரிடம் கொடுத்தார். அவர் பிடித்தார். புகைப்படக்காரர் முன்னால் வந்து நின்றார்.

"கொஞ்சம் பின்னால தள்ளிப் புடிங்க வாத்தியாரே," என்றார் சென்னியப்பன், துளி மரியாதை குறையாமல். "மூஞ்சில நெழலு உழுகுதுங்க."

தம்பிதுரை பின்னால் தள்ளிப் பிடித்தார்.