கெட்டுப்போனவை என்று ஒதுக்கியவை

எலக்ட்ரான் நுண்ணோக்கி இருக்கும் அறையில் வெளிச்சம் கிடையாது, பேச்சுத்துணையும் கிடையாது. பகலெல்லாம் அங்கே தனியாக உட்கார்ந்து செல்களைப் படம் எடுப்பது என் வேலை. வீடு சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில். நான் திரும்பும் நேரத்தில் கணவர் சாங்கி விமான நிலையத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார். விமானச் சரக்குப் பிரிவில் நிரந்தர இரவு வேலை. "சாப்பாடு இருக்கு", "சாவிய எடுத்துக்கிட்டீங்களா", அவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு. இந்தக் கல்யாணம் முடிந்தே போய்விட்டதோ என்று பஸ்ஸில் உட்கார்ந்து யோசிப்பேன். யாரிடம் போய்க் கேட்பது?

அந்தச் சமயத்தில்தான், குளிர்காலம் முழுக்க உறங்கும் எலி இனத்துக் குட்டி விலங்கொன்றின் ஈரல் துண்டுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. விழித்திருந்த விலங்கின் செல்களில் உட்கரு எனக்குப் பழகிய மாதிரியே இருந்தது. உறங்கியதில் மட்டும் எங்கும் பார்த்திராத உருண்டைகளும் நார்க்கட்டுகளும். வழியில் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டி அந்தப் படங்களையெல்லாம் ஒதுக்கிவிட்டேன். பிறந்தது திருச்சி வெயிலில், பிழைப்பது சிங்கப்பூர்ப் புழுக்கத்தில். குளிர்கால உறக்கத்தை நான் எங்கே கண்டேன்?

ஆய்வை நடத்தியவர் இந்த ஊரிலேயே பிறந்த தமிழ்ப் பெண்மணி; இந்த ஊர் 'லா' அவர் தமிழிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். படங்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஸாம்பிள் கெட்டுப் போகல லா, தூங்குது. முழிச்ச உடனே வேலைய ஸ்டார்ட் பண்ணணும்ல, அதுக்கு வேண்டியத உள்ள சேத்து வச்சிருக்குன்னு நினைக்கிறோம். எழுந்த கொஞ்ச நேரத்துல இதெல்லாம் காணாமப் போயிடும்."

எனக்குப் பொறாமையாக இருந்தது. போயும் போயும் ஓர் எலியின் மேல். அதற்கு விழிக்கும் நாள் என்று ஒன்று இருக்கிறதே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபூர்வமாக இருவருக்கும் விடுமுறை. லிட்டில் இந்தியாவில் இலைச் சாப்பாட்டுக்குப் போனோம். சரியான கூட்டம், முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் எதிரெதிரே வாய் பேசாமல் சாப்பிட்டோம். அவர் கைபேசியைப் பார்த்தார், நான் ரசத்தைப் பார்த்தேன்.

பரிமாறியவர் வந்து, "அக்கா, பில்லு ஒண்ணாவா, தனித்தனியாவா?" என்றார்.

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

கணவர் நிமிர்ந்தார். "ஒண்ணாத்தான்" என்றார். பிறகு, கல்யாணமான புதிதில் செய்வது போலவே, தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார்.

"உனக்குப் பிடிக்கும்ல?"

அது நமுத்துப் போயிருந்தது. அவர் மறுபடியும் கைபேசிக்குப் போய்விட்டார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு, ஒரு துண்டு விடாமல் தின்றேன்.